ஒரு ப்ராக் ராக் குழுவை எந்த வகையில் வைப்பது: கொங்கு நாட்டு ரசிகர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோவையிலோ ஈரோட்டிலோ திருப்பூரிலோ ப்ராக்ரசிவ் ராக் (சுருக்கமாக ப்ராக்) கேட்பவர்கள் நான்கு பேர் ஓர் அறையில் கூடினால், பிங்க் ஃப்ளாய்ட் ப்ராக் தானா, ரஷ் வெறும் ஹார்டு ராக்கா, டூல் குழுவை மெட்டல் பக்கம் வைப்பதா என்று பேச்சு வகைப் பெயர்களுக்குத் திரும்பிவிடுகிறது. இந்த வாதத்தை வீண் பேச்சு என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு பாட்டை இந்த வகை என்று சொல்லி நிலைநாட்ட வேண்டுமானால் அதை முன்னைவிடக் கூர்ந்து கேட்டாக வேண்டும்; அப்படிக் கேட்க வைப்பதுதான் இந்த வாதத்தின் பயன். ஆனால் முறை தெரியாமல் வாதிட்டால் குரல் உயர்வதைத் தவிர வேறொன்றும் நடப்பதில்லை என்பதால், பல ஆண்டுகளாக இத்தகைய வாதங்களில் உட்கார்ந்து எழுந்த அனுபவத்தில் எனக்குச் சரியென்று பட்ட முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது, எதிரில் இருப்பவர் எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறார் என்று கண்டுபிடிப்பது. 'இந்தக் குழு ப்ராக்' என்று ஒருவர் சொல்லும்போது, அந்தக் குழு எந்தக் காலத்தில் யாரோடு சேர்ந்து வளர்ந்தது என்பதை அவர் மனத்தில் வைத்திருக்கலாம். அதன் ஓசை எப்படி இருக்கிறது என்பதை வைத்திருக்கலாம். பாட்டின் கட்டுமானத்தை வைத்திருக்கலாம். இசைக்கலைஞர்கள் என்ன செய்ய முயன்றார்கள் என்ற நோக்கத்தையும் வைத்திருக்கலாம். பிங்க் ஃப்ளாய்டைப் பற்றிய சச்சரவு தீராமல் நீள்வதற்குக் காரணம் இதுவே. "வாசிப்பில் அவ்வளவு சிக்கல் இல்லைங்ணா, எல்லாம் மெதுவாகத்தான் போகிறது, இதை எப்படி ப்ராக் என்கிறீர்கள்?" என்று இளையவர் கேட்கிறார். 1971-இல் வந்த 'மெடில்' ஆல்பத்தின் 'எக்கோஸ்' ஒரு பக்கம் முழுவதையும் நிரப்பி இருபத்து மூன்று நிமிடங்களுக்கு மேல் ஓடுகிறதே என்று மூத்தவர் பதில் சொல்கிறார். இளையவர் ஓசையையும் வாசிப்பையும் பற்றிப் பேசுகிறார், மூத்தவர் கட்டுமானத்தைப் பற்றிப் பேசுகிறார். இருவர் சொல்வதும் உண்மையாக இருப்பதால் ஒருவரை ஒருவர் வெல்ல வழியே இல்லை. "நீங்கள் அமைப்பைச் சொல்கிறீர்களா, ஓசையைச் சொல்கிறீர்களா?" என்று தொடக்கத்திலேயே மரியாதையாகக் கேட்டுவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே கரைந்துவிடும்.

அந்தக் கேள்வியோடு இன்னொன்றையும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ப்ராக் என்ற பெயரை ரசிகர்கள் இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். ஒன்று, 1960-களின் இறுதியில் இங்கிலாந்தில் தொடங்கி 1970-களின் நடுவில் உச்சம் கண்ட ஒரு குறிப்பிட்ட பாணிக்கான பெயர். மற்றொன்று, ராக் இசையை அதன் பழக்கப்பட்ட எல்லைக்கு வெளியே கொண்டுசெல்லும் எந்த முயற்சிக்கும் உரிய பொதுப்பெயர். முதல் பொருளில் பார்த்தால், அந்தப் பழைய பாணியை அப்படியே மீண்டும் வாசிக்கும் இன்றைய குழு ப்ராக் ஆகும். இரண்டாம் பொருளில் அதே குழு ப்ராக் ஆகாது, ஏனெனில் அது புதிதாக எதையும் செய்யவில்லை. எந்தப் பொருளில் பேசுகிறோம் என்பதை வாதத்தின் நடுவில் மாற்றாமல் இருப்பது நேர்மை. நான் முதல் பொருளையே பயன்படுத்துகிறேன். அதற்குக் காதால் சரிபார்க்கக்கூடிய அடையாளங்கள் இருக்கின்றன, இரண்டாவதற்கு இல்லை.

அந்த அடையாளங்களை, அவை உண்டான காரணத்தோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். 1969 அக்டோபரில் வெளிவந்த கிங் கிரிம்சன் குழுவின் 'இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங்' ஆல்பத்தை இந்தப் பாணியின் முழுமையான முதல் பதிவாகப் பலர் கொள்கிறார்கள்; நானும் அப்படியே கொள்கிறேன். அதில் வயலின் குழு வாசிப்பதுபோல் பரவும் ஓசை மெல்லட்ரான் என்ற கீபோர்டிலிருந்து வருகிறது. அந்தக் கருவியின் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே, உண்மையான வயலினோ புல்லாங்குழலோ சேர்ந்திசைக் குரலோ பதிவான ஒரு காந்த நாடாத் துண்டு இருக்கும். கட்டையை அழுத்தினால் அந்த நாடா சுமார் எட்டு நொடிகள் ஓடி முடிந்துவிடும், பிறகு விரலை எடுத்து மீண்டும் அழுத்த வேண்டும். அந்தக் காலத்து ஆல்பங்களில் மெல்லட்ரான் வேகமாக ஓடாமல், அகன்ற சுரக்கூட்டுகளாக மெல்ல நகர்வதில் கருவியின் இந்த எல்லைக்கும் பங்குண்டு. ஆகவே 'சிம்பொனிக்' என்ற அடைமொழியை ஒருவர் பயன்படுத்தினால் எந்த இடத்தில் அந்தப் பரப்பு கேட்கிறது என்று காட்டும்படி கேளுங்கள். காட்ட முடிந்தால் அடைமொழி நிற்கும்.

நீளமும் இப்படித்தான். எல்பி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய இருபது, இருபத்தைந்து நிமிட இசையே நல்ல ஒலித்தரத்தோடு அடங்கும் என்பதால், அந்தப் பக்கமே ஒரு படைப்பின் அளவாக ஆயிற்று. எமர்சன், லேக் அண்ட் பாமர் குழுவின் 'டார்கஸ்' (1971), யெஸ் குழுவின் 'க்ளோஸ் டு த எட்ஜ்' (1972), ஜெனிசிஸ் குழுவின் 'சப்பர்ஸ் ரெடி' (1972), ரஷ் குழுவின் '2112' (1976) ஆகியவை எல்லாம் பதினெட்டிலிருந்து இருபத்து மூன்று நிமிடங்களுக்குள் நிற்பது இதனால்தான். ஜெத்ரோ டல் அதே ஆண்டுகளில், 1972-இல், 'திக் ஆஸ் எ பிரிக்' ஆல்பத்தில் ஒரே பாட்டை இரண்டு பக்கங்களுக்கும் நீட்டியது. ஆனால் நீளம் மட்டும் சான்றாகாது. கிரேட்ஃபுல் டெட் குழுவின் 1969 நேரடி ஆல்பத்தில் உள்ள 'டார்க் ஸ்டார்' இருபத்து மூன்று நிமிடங்கள் ஓடுகிறது. அதை யாரும் இந்தப் பாணியில் சேர்ப்பதில்லை, ஏனெனில் அந்த நீளம் அரங்கில் அப்போதைக்கப்போது பிறந்த கற்பனையால் வந்தது. 'க்ளோஸ் டு த எட்ஜ்' நான்கு பகுதிகளாக முன்கூட்டியே கட்டப்பட்டது. பறவை ஒலிகளில் தொடங்கி அவற்றிலேயே முடிகிறது. நடுவில் லண்டனின் ஒரு தேவாலயத்தில் பதிவான பைப் ஆர்கன் எழுகிறது. முதலில் கேட்ட மெட்டு இறுதியில் வேறு வலிமையோடு திரும்புகிறது. நீளத்துக்குள் இப்படிப்பட்ட கட்டுமானம் இருக்கிறதா என்பதே சோதனை. கச்சேரி கேட்டுப் பழகிய நம் வீட்டுப் பெரியவர்கள் மனோதர்மத்தையும் கீர்த்தனையையும் பிரித்தறிவதைப் போலவே இந்த வேறுபாட்டைக் கேட்டு அறியலாம். கோவையிலிருந்து ஈரோட்டுக்குக் காரில் போகும் இரண்டு மணி நேரம் இந்தப் பயிற்சிக்குத் தாராளமாகப் போதும்.

தாளம் என்று வரும்போது நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ஏழையும் ஒன்பதையும் எண்ணுவதற்கு மேற்கத்திய இசைக் குறியீடு படிக்கத் தெரிய வேண்டியதில்லை. தகிட, தகதிமி போன்ற சொற்கட்டு தெரிந்தால் போதும். பிங்க் ஃப்ளாய்டின் 'மணி' பாட்டை ஓடவிட்டு, காசும் கல்லாப்பெட்டியும் ஒலிக்கும் அந்தத் தொடக்கத்திலிருந்து ஏழு ஏழாக எண்ணுங்கள். மிஸ்ர சாபு எண்ணிப் பழகிய கை தடுமாறாது. அதே பாட்டில் கிட்டார் தனி வாசிப்பு தொடங்கும்போது எண்ணிக்கை நான்குக்கு மாறிவிடுவதையும் உணர்வீர்கள். 'சப்பர்ஸ் ரெடி'யின் ஏழு பகுதிகளில் ஆறாவது, தன் பெயரிலேயே ஒன்பது எட்டு என்ற தாளத்தை அறிவிக்கிறது. அதில் அடித்தாளம் தகிட, தக, தகதிமி என்று மூன்று, இரண்டு, நான்காகப் பிரிந்து சுழல, அதற்கு மேலே ஆர்கன் அந்தப் பிரிவுக்குக் கட்டுப்படாமல் தன் போக்கில் செல்கிறது. டூல் குழுவின் 'ஸ்கிஸம்' பாட்டின் முதன்மை ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்தொடர், ஐந்தும் ஏழும் மாறி மாறி வருவது. இவற்றைக் கையால் எண்ணிக் காட்டிய பிறகு, 'தாளம் சிக்கலானது' என்ற பொத்தாம்பொதுவான கூற்று உறுதியான சான்றாகிவிடுகிறது.

ஆயினும் ஒற்றைப்படைத் தாளம் இருந்தாலே ப்ராக் என்று முடிவுகட்டுவது பெரும்பிழை. டேவ் புரூபெக் குவார்டெட்டின் 'டேக் ஃபைவ்' 1959-இல் ஐந்தில் வந்தது, அது ஜாஸ். மறுபக்கம், ஜெர்மனியின் நொய் குழு நான்கின் மேல் மாறாமல் ஓடும் ஒரே தாளத்தை வைத்துக்கொண்டே புதிய இசையைக் கண்டுபிடித்தது. எந்த ஒரு தனி அடையாளமும் தீர்ப்பாகாது. மூன்று நான்கு அடையாளங்கள் ஒரே பதிவில் சேர்ந்து நின்று ஒன்றையொன்று தாங்கும்போதுதான் பெயர் பொருந்துகிறது.

இனி, இந்த வழிகாட்டியில் நான் எல்லாவற்றையும்விட வற்புறுத்த விரும்பும் செய்திக்கு வருகிறேன்: குழுவை வகைப்படுத்தாதீர்கள், ஆல்பத்தை வகைப்படுத்துங்கள். இதற்கு யெஸ் குழுவின் கதையை விடச் சிறந்த சான்று கிடையாது. 1982-இல், யெஸ் குழுவில் முன்பு இருந்த கிறிஸ் ஸ்குயர், ஆலன் வைட், டோனி கே ஆகியோர் ட்ரெவர் ராபினோடு சேர்ந்து 'சினிமா' என்ற பெயரில் ஒரு புதிய குழுவைத் தொடங்கி ஆல்பம் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். பழைய பாடகர் ஜான் ஆண்டர்சன் வந்து சேர்ந்த பிறகு அந்தக் குழு யெஸ் என்ற பெயரை ஏற்றது. 1983-இல் '90125' வெளிவந்தது. அதன் 'ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்' 1984 ஜனவரியில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பெயர் மாறாமல் 'சினிமா' என்றே அந்த ஆல்பம் வந்திருந்தால், அதை ப்ராக் வகையில் வைப்பதைப் பற்றி வாதமே எழுந்திருக்காது என்று நான் நம்புகிறேன். உறையில் உள்ள பெயரைக் கொண்டு ஓசையைத் தீர்மானிப்பது முறையாகாது. கிங் கிரிம்சனிலும் ஏறக்குறைய இதுவே நடந்தது: 1981-இல் அதன் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃப்ரிப் தொடங்கிய குழு முதலில் 'டிசிப்ளின்' என்றுதான் அழைக்கப்பட்டது, பிறகே பழைய பெயரைச் சூடியது. அந்த ஆண்டு வந்த 'டிசிப்ளின்' ஆல்பத்தில் மெல்லட்ரானின் பரப்பு கிடையாது. இரண்டு கிட்டார்கள் வெவ்வேறு எண்ணிக்கையில் பின்னிப் பிரிந்து மீண்டும் சேரும் நுட்பமே அதன் உயிர். அமைப்பின் கடுமையால் அது எனக்கு ப்ராக். ஓசையை மட்டும் வைத்துப் பேசுபவர் அதை நியூ வேவ் என்ற பாப்-ராக் பாணியின் பக்கம் வைத்தால் அவரிடம் நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

ஜெனிசிஸ் குழுவை இரண்டாகப் பிளந்து, பாடகர் பீட்டர் கேப்ரியல் 1975-இல் விலகும்வரை ப்ராக், அதன் பின் பாப் என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. ஆல்பம் ஆல்பமாகக் கேட்டால் அந்தக் கோடு அவ்வளவு நேராக இல்லை. 1976-இல் வந்த 'எ ட்ரிக் ஆஃப் த டெய்ல்' கேப்ரியல் இல்லாமலேயே அந்தப் பாணிக்குள் முழுமையாக நிற்கிறது. 1986-இன் 'இன்விசிபிள் டச்' பெரும்பாலும் பாப் என்பது சரி. ஆனால் அதற்குள் பத்து நிமிடங்களுக்கு மேல் இரண்டு பகுதிகளாக ஓடும் 'டொமினோ'வும் இருக்கிறது. பிங்க் ஃப்ளாய்டைப் பற்றி என் முடிவையும் இந்த முறையிலேயே சொல்லிவிடுகிறேன்: 1967-இன் முதல் ஆல்பம் சைக்கடெலிக், 1970-இன் 'ஆட்டம் ஹார்ட் மதர்' முதல் 1977-இன் 'அனிமல்ஸ்' வரை அமைப்பால் ப்ராக், 1979-இன் 'த வால்' ஒரு கதையைப் பாடல்களாகவே சொல்லும் ராக் ஆப்பெரா. ரஷ் 1974-இல் ஹார்டு ராக்காகத் தொடங்கியது, '2112' ப்ராக், 1980-களில் வேறு வழிகளைத் தேடியது. இப்படி ஆண்டோடு சேர்த்துச் சொன்னால் மறுப்பவருக்கும் பிடித்துப் பேச ஒரு நுனி கிடைக்கிறது.

உட்பிரிவுகளின் பெயர்களைக் கையாளும்போது, அந்தப் பெயர் எதன்மேல் கட்டப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் அவை ஒரே அளவுகோலில் பிறந்தவை அல்ல. கேன்டர்பரி என்பது இங்கிலாந்தின் ஓர் ஊரின் பெயர். 1960-களில் அங்கே இருந்த வைல்டு ஃப்ளவர்ஸ் என்ற குழுவிலிருந்து சாஃப்ட் மெஷினும் கேரவனும் கிளைத்தன. ஆனால் இன்று அந்தப் பெயர் கரகரப்பான ஆர்கன் ஓசையையும், ஜாஸ் சாயல் கொண்ட சுரக்கூட்டுகளையும், ஆரவாரமில்லாத பாடும் முறையையும் குறிக்கிறது. அந்த ஊரைப் பார்த்தறியாத குழுக்களுக்கும் பொருந்துகிறது. ஸோய்ல் என்ற பெயர் பிரான்சின் மக்மா குழுவிடமிருந்தே வந்தது. அதன் தலைவர் கிறிஸ்டியன் வாண்டர் அதற்காகக் கோபயன் என்றொரு மொழியையே உருவாக்கினார். ராக் இன் ஆப்போசிஷன் ஓர் ஓசையின் பெயராகப் பிறக்கவே இல்லை. இசைத்தட்டு நிறுவனங்கள் ஏற்க மறுத்த ஐந்து ஐரோப்பியக் குழுக்கள், அவற்றில் ஒன்றான ஹென்றி கௌ குழுவின் முன்னெடுப்பில், 1978 மார்ச்சில் லண்டனில் ஒன்றாக மேடையேறி அமைத்த கூட்டமைப்பின் பெயர் அது. ஆகவே 2000-க்குப் பின் தோன்றிய ஒரு குழுவை அந்தப் பெயரால் அழைப்பவர், 'அந்தக் குழுக்களின் ஓசையை ஒத்தது' என்ற பொருளில்தான் அழைக்க முடியும். இதை முன்பே ஒப்புக்கொண்டால் குழப்பம் இல்லை. நியோ ப்ராக் காலத்தால் அமைந்த பெயர்: 1983-இல் 'ஸ்கிரிப்ட் ஃபார் எ ஜெஸ்டர்ஸ் டியர்' வெளியிட்ட மரில்லியன், ஐக்யூ, பென்ட்ராகன் முதலிய குழுக்களுக்கு உரியது.

ப்ராக் மெட்டலைத் தனியே வைப்பதா என்ற கேள்விக்கு என் விடை சுருக்கமானது. குவீன்ஸ்ரைக், ஃபேட்ஸ் வார்னிங் ஆகியவை மெட்டலிலிருந்து இந்தப் பக்கம் நடந்து வந்தவை. 1992-இல் 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' வெளியிட்ட ட்ரீம் தியேட்டர் ரஷ், யெஸ் ஆகியவற்றின் வழியையும் மெட்டலின் கனத்தையும் சேர்த்தே கற்றது. ஸ்வீடனின் ஓபெத் 2011-இல் 'ஹெரிடேஜ்' ஆல்பத்தில் உறுமும் குரலை முற்றிலும் விட்டுவிட்டு 1970-களின் ஓசைக்குத் திரும்பியது. ஆல்பம் ஆல்பமாக வைக்கும் முறையைப் பின்பற்றினால் இந்தக் குழுக்களுக்குத் தனிச் சட்டம் எதுவும் தேவைப்படாது.

நம் பக்கத்து இசைக்கு வரும்போது வாதம் மேலும் சுவையாகிறது. பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தால் கேரளம் என்ற நிலையில் இருக்கும் நமக்கு, கொச்சியின் மதர்ஜேன் அந்நியமான குழு அல்ல. 2008-இல் வந்த அதன் 'மக்தூப்' ஆல்பத்தில் பைஜு தர்மஜனின் கிட்டார் கமகங்களோடு வளைகிறது. பெங்களூரின் அகம் தன் இசையைக் கர்நாடக ப்ராக்ரசிவ் ராக் என்றே அழைத்துக்கொள்கிறது. ராகம் இருப்பதாலேயே இவற்றை ஃப்யூஷன் என்று ஒதுக்குவது அவசரம். ஜான் மெக்லாஃப்லினின் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா 1971-இல் 'த இன்னர் மௌண்டிங் ஃப்ளேம்' வெளியிட்டபோது, தாளங்கள் எந்த ப்ராக் குழுவுக்கும் குறையாத சிக்கலோடு இருந்தன. இருந்தும் அதை ஜாஸ் ராக் என்கிறோம், ஏனெனில் அங்கே எழுதப்பட்ட கருப்பொருள் ஒரு வாசலாக அமைந்து, தனி வாசிப்பே இசையின் பெரும்பகுதியாகிறது. அந்த அளவுகோலையே நம் குழுக்களுக்கும் வையுங்கள்: கிட்டாரும் டிரம்ஸும் பாடலின் பின்னால் துணையாக நடக்கின்றனவா, அல்லது பாடலோடு சேர்ந்து பகுதி பகுதியாக ஒரு கட்டுமானத்தை எழுப்புகின்றனவா என்று கேளுங்கள். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' (1986) இத்தகைய கூட்டங்களில் தவறாமல் இழுக்கப்படுகிறது. அதன் கட்டுமானம் எந்த ப்ராக் ஆல்பத்துக்கும் இளைத்ததல்ல. ஆனால் அது நிற்பது ஜெர்மானிய இசையமைப்பாளர் பாஹின் எதிர்ச்சுரப் பின்னலிலும் தியாகராஜரின் மரபிலும் என்பதால், ராக்கின் அடித்தளம் வேண்டும் என்ற நிபந்தனையில் அது வெளியே நிற்கிறது. அதை வெளியே வைப்பதால் அதன் பெருமை ஓர் இம்மியும் குறையாது.

இதைச் சொல்லும்போதே வகையையும் தரத்தையும் கலக்கக் கூடாது என்பது வந்துவிடுகிறது. ஈரோட்டு மஞ்சள் சந்தையில் விரலி, கிழங்கு என்று பிரிப்பது ஒரு வேலை, விலை கட்டுவது வேறொரு வேலை. விரலியிலும் மட்டம் உண்டு, கிழங்கிலும் முதல் தரம் உண்டு. 'இது ப்ராக் இல்லை' என்பதை இழிவாகவும் 'இது ப்ராக்' என்பதைப் பட்டமாகவும் பயன்படுத்தும் நண்பரிடம், அவருக்குப் பிடிக்காத ஒரு ப்ராக் ஆல்பத்தின் பெயரைச் சொல்லும்படி கேளுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் அவர் வகையைப் பேசவில்லை, விருப்பத்தைப் பேசுகிறார். அதையும் கேட்டுக்கொள்ளலாம், வேறொரு உரையாடலாக.

கலைஞர்களின் சொல்லைச் சான்றாகக் கொண்டுவருவதில் எச்சரிக்கை வேண்டும். 'ஆக்வாலங்' ஆல்பத்தை விமர்சகர்கள் கான்செப்ட் ஆல்பம் (ஒரே கருவைச் சுற்றி அமைந்த ஆல்பம்) என்று அழைத்ததை ஜெத்ரோ டல்லின் இயன் ஆண்டர்சன் ஏற்கவில்லை. 'திக் ஆஸ் எ பிரிக்' அத்தகைய ஆல்பங்களைக் கேலி செய்வதற்காக எழுதியது என்று சொல்லியிருக்கிறார். அவருடைய நோக்கம் அதுவாக இருக்கலாம். ஆனால் பதிவில் கேட்கும் கட்டுமானமோ அந்தப் பாணியின் உச்சங்களில் ஒன்று. நோக்கத்தைப் பற்றிய கேள்விக்கு மட்டுமே கலைஞரின் சொல் சான்றாகும், ஓசையைப் பற்றிய கேள்விக்குக் காதுதான் சான்று.

வாதம் நடக்கும் இடத்தில் பாட்டை ஓடவிட ஒரு கருவி இருப்பது அவசியம். கூற்று ஒன்றைச் சொன்னவர், அது கேட்கும் இடத்தை நிமிடக் கணக்கோடு காட்டட்டும். அந்தப் பகுதி முடியும்வரை மற்றவர்கள் பேசாமல் இருக்கட்டும். கூட்டத்தில் வயதில் மூத்தவர்கள் இருந்தால் அவர்கள் அந்த இசையை முதலில் கேசட்டில் எப்படிக் கேட்டார்கள் என்பதற்கு இடம் கொடுங்கள். கேட்ட வரிசை ஒருவரின் வகைப்பாட்டைப் பெரிதும் தீர்மானிக்கிறது. ட்ரீம் தியேட்டரில் தொடங்கிப் பின்னோக்கிப் போன பொறியியல் கல்லூரி மாணவருக்கும், பிங்க் ஃப்ளாய்டின் 'டார்க் சைடு ஆஃப் த மூன்' கேசட்டில் தொடங்கி முன்னோக்கி வந்த அவருடைய சித்தப்பாவுக்கும் மையம் ஒன்றாக இருக்க முடியாது.

இறுதியில் கணினியில் உள்ள தொகுப்புக்கு வகைப் பெயர் இடும் வேலை இருக்கும். குழுவின் கோப்புறைக்கு எந்தப் பெயரும் இடாதீர்கள். ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ஆண்டையும், முதன்மையான ஒரு வகையையும், தேவைப்பட்டால் இரண்டாவதாக ஒன்றையும் எழுதுங்கள். இரண்டுக்கு மேல் போனால் தேடும்போது பயன்படாது. உடன்பாடு வராத ஆல்பத்துக்கு இரு தரப்பின் பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் இட்டுவிட்டு, அடுத்த ஆல்பத்துக்குப் போய்விடலாம்.